குதிரை விழுத்திய கையும் கனடா டிக்கெட்டும்: பயணத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தால் யாருக்கும் அது புதினமில்லை. தென்னையில் இருந்து விழுந்தாலும் அப்படித்தான். குதிரையில் இருந்து விழுந்தேன் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் கையைப் பார்ப்பார்கள். "என்ன மனே, ஊரில இல்லாத மிருகத்தத் தேடிப்போயா விழுந்த?" என்று கல்லடியில் பக்கத்து வீட்டு மாமி கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

கனடாவுக்குக் குடிபெயரும் முன் சொந்தக்காரர்களோடு நுவரெலியாவுக்கு ஒரு கடைசிச் சுற்றுலா போயிருந்தோம். கிரகரி வாவிப் பக்கம் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டும் மட்டக்குதிரைகள் நிற்கும். அதில் ஒன்று ஏதோ சத்தத்துக்கு வெருண்டு ஒரு பக்கம் துள்ளியது. நான் மறுபக்கம் போனேன். விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தானே ஊன்றுவோம்? நானும் இடது கையை ஊன்றினேன். அப்போது ஆகஸ்ட் மாதம். டிக்கெட் ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் போட்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்த பிழைகளையும், அதே காலத்தில் கட்டார், லண்டன் என்று புறப்பட்டவர்கள் செய்யக் கண்ட பிழைகளையும்தான் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பிழை. விமானத்தில் ஏறி உட்கார முடியுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். உட்கார யாராலும் முடியும். இறங்கியபின் பெட்டி தூக்க, பஸ் பிடிக்க, எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்ய அந்தக் கை காலால் முடியுமா என்று கேட்பதில்லை.

"எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம்"

என் பெரிய பிழை இதுதான். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை. பார்த்த டொக்டர் அத்தோடு விடவில்லை. பெருவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சிறு குழி விழும். அந்தக் குழியை அமத்திப் பார்த்தார். எனக்கு உயிர் போனது. கட்டுப் போட்டு, "பத்துப் பதினாலு நாளில் வந்து திரும்ப ஒரு படம் எடுக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

நான் போகவில்லை. வலி குறைந்திருந்தது, பெட்டி கட்டும் வேலை கூடியிருந்தது. கட்டையும் நானே கழற்றிவிட்டேன். ஐந்து கிழமை கழித்து ஒரு தேங்காயைத் தூக்க முடியாமல் போனபோதுதான் திரும்பப் போனேன். ஸ்கபாய்ட் என்ற எலும்பு முறிந்திருந்தது.

மணிக்கட்டில் இருக்கும் சிறிய எலும்பு அது. தோணி போன்ற வடிவம் என்பதால் கிரேக்கத்தில் தோணிக்கான சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. கையை ஊன்றி விழுபவர்களுக்கு அது முறிவது வழக்கம். முறிந்த உடனே எடுக்கும் படத்தில் கோடு தெரியாமல் இருப்பதும் வழக்கம். சில நாள் போனபின் முறிந்த ஓரங்கள் சற்றுக் கரைவதால் அதே கோடு தெரியத் தொடங்கும். இரண்டாவது படம் அதற்குத்தான். இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையால்தான் உள்ளே போகிறது. நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத் துண்டுக்கு இரத்தம் தட்டுப்படும். நான்கு கிழமைக்கு மேல் கவனிக்காமல் விட்டால் பொருந்தாமலே போகும் ஆபத்துக் கூடுகிறது. அப்படிப் போனால் சத்திரசிகிச்சைதான், சில வருடங்களில் மணிக்கட்டு மூட்டுத் தேய்வும் வரும்.

எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது, விலகாமல் நின்ற முறிவு. பத்துக் கிழமை பிளாஸ்டர். ஒக்டோபர் டிக்கெட் போனது.

விசாத் திகதியை எலும்புக்குச் சொல்வது

"ஒக்டோபர் பயணம், அதுக்குள்ள சுகமாகிடும்தானே?" இப்படித்தான் எல்லோரும் டொக்டரிடம் கேட்கிறோம், ஏதோ அவர் கையில் இருப்பது போல. வளர்ந்தவர்களுக்கு மணிக்கட்டுக்கு மேலே முன்னங்கை முறிந்தால் ஏறக்குறைய ஆறு கிழமை பிளாஸ்டர் இருக்கும். காறை எலும்பு, அதாவது கழுத்துப்பட்டை எலும்பு, பொருந்த ஆறு முதல் பன்னிரண்டு கிழமை ஆகலாம். பிளாஸ்டர் கழற்றிய நாளில் கை சுகமாகிவிடாது. இறுகிய மூட்டு இளகிப் பழைய பலம் வர இன்னும் மாதங்கள் போகும். அந்த மாதங்கள் எந்த நாட்டில் கழியப்போகின்றன என்பதை வைத்துத்தான் திகதி போட வேண்டும்.

திகதியை இஷ்டத்துக்குத் தள்ளவும் முடியாது. கனடா நிரந்தர வதிவிடக்காரருக்குக் கொடுக்கும் உறுதிப்படுத்தல் கடிதத்தில் ஒரு முடிவுத் திகதி இருக்கும். அது பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனையின் 12 மாதக் கெடுவையோ பாஸ்போட்டின் முடிவையோ ஒட்டி வரும். என் கடிதம் ஜனவரி வரை இருந்ததால் டிசம்பர் கடைசிக்கு டிக்கெட்டை மாற்றிக்கொண்டேன். விழுந்த அன்று இரவே அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்திருந்தால் செப்டெம்பர் முழுக்கப் பதறியிருக்க வேண்டியதில்லை.

மூலிகைப் பத்தும் பத்தியமும்

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியாரிடம் போவது புதிதில்லை. நானும் சின்ன வயதில் கால் சுளுக்கிப் போய், சுகமாகி வந்தவன்தான். ஆனால் என்ன முறிந்திருக்கிறது என்று தெரியுமுன் இழுப்பதும் உருவுவதும் வேறு கதை. விலகாமல் நின்ற முறிவு அந்த உருவலில் விலகிவிடலாம். எண்ணெயோ பத்தோ, படம் எடுத்து, பிளாஸ்டர் கழற்றி, டொக்டர் சரி என்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். இறுக்கிக் கட்டியபின், அது பத்தோ பிளாஸ்டரோ, விரல் நுனி நீலம் பாய்ந்தால், விறைத்தால், தாங்க முடியாத வலி கூடிக்கொண்டே போனால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அது மணிக்கணக்கில் கெட்டுப்போகும் விசயம்.

அடுத்தது கிரந்திப் பயம், சில சாப்பாடு காயத்தைக் கிளப்பும் என்ற நம்பிக்கை. காயம் இருக்கிறது, எலும்பு முறிந்திருக்கிறது என்று இறாலை நிறுத்துவார்கள், நண்டை நிறுத்துவார்கள், முட்டையை நிறுத்துவார்கள். கடைசியில் சோறும் சொதியும்தான் மிச்சம். எலும்பு பொருந்தப் புரதமும் கல்சியமும் வேண்டும். ஒவ்வாமை இல்லாதவர் மீனையும் முட்டையையும் நிறுத்தத் தேவையில்லை. முள்ளோடு தின்னும் நெத்தலியும் முருங்கையிலையும் வீட்டிலேயே இருக்கின்றன. எருமைத் தயிருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு கல்சியம் குளிசையை மட்டும் நம்புவது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. சிகரெட் குடிப்பவர்கள் மட்டும் உண்மையாகவே நிறுத்த வேண்டும். எலும்பு பொருந்துவதை அது தாமதப்படுத்தும்.

கோயில் நேர்த்தி பற்றியும் ஒரு சொல். பயணம் சரிவந்தால் பிரதட்டை செய்வதாக நேர்ந்திருந்த ஒருவர், காறை எலும்பு பொருந்து முன்னரே உருளப் புறப்பட்டார். நேர்த்தியை அடுத்த வருடம் வந்து முடிக்கலாம்.

கையைப் பார்த்துத் தலையையும் நாரியையும் மறப்பது

குதிரை முதுகு தரையில் இருந்து நாலைந்து அடி உயரம். உட்கார்ந்திருப்பவரின் தலை அதற்கும் மேலே. கை வலி பெரிதாக இருப்பதால் மற்றதெல்லாம் மறந்துபோகும். தலை அடிபட்டிருந்தால் முதல் இரண்டு நாள் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழும்பாத நித்திரை, கூடிக்கொண்டே போகும் தலையிடி, பேச்சுக் குழறல் என்றால் உடனே வைத்தியசாலை. வயதானவர்களுக்கும் இரத்தம் இளக்கும் குளிசை எடுப்பவர்களுக்கும் மூளையைச் சுற்றி இரத்தம் கிழமைக்கணக்கில் மெல்லக் கசியலாம். விழுந்து ஒரு மாதம் கழித்து வரும் தலையிடியையும் தடுமாற்றத்தையும் பயணக் களைப்பு என்று ஒதுக்கக்கூடாது.

பின்பக்கம் அடிபட விழுந்தவர்களுக்கு நாரி எலும்பு, அதாவது இடுப்புப் பக்க முதுகெலும்பு, நசுங்கியிருக்கலாம். "நாரிப்பிடிப்பு" என்று எண்ணெய் போட்டுக்கொண்டு திரிவார்கள். கால் விறைத்தால், சலம் (சிறுநீர்) போவது தடைப்பட்டால் அல்லது தெரியாமல் போனால், குதிரைச் சேணத்தில் படும் அதே இடம் மரத்துப்போனால் அது அவசரம். அன்றே காட்ட வேண்டும்.

சிராய்ப்பையும் விடாதீர்கள். குதிரை நிற்கும் மண்ணிலும் சாணத்திலும் ஏற்புவலி (டெட்டனஸ்) கிருமி இருக்கும். கடைசி ஏற்புத் தடுப்பூசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் என்றால், அழுக்குப் பட்ட காயத்துக்கு இன்னொன்று போடுவார்கள். போட்டதை எழுதி வாங்குங்கள்.

கழுத்தில் தொங்கும் கையை அப்படியே விடுவது

பிளாஸ்டருக்கு வெளியே இருக்கும் விரல்கள், முழங்கை, தோள் எல்லாம் ஒவ்வொரு நாளும் அசைய வேண்டும். நான் பத்திரப்படுத்துகிறேன் என்று தோளை அசைக்காமல் வைத்திருந்தேன். பிளாஸ்டர் கழற்றியபோது மணிக்கட்டை விடத் தோள்தான் அதிகம் வலித்தது. பிசியோதெரபியை "அங்க போய்ப் பார்ப்பம்" என்று தள்ளுவதும் இதே வகைதான். கனடாவில் டொக்டரும் வைத்தியசாலையும் அரச காப்புறுதிக்குள் வந்தாலும், வெளியில் செய்யும் பிசியோதெரபிக்குப் பெரும்பாலும் கைக்காசு அல்லது வேலையிடக் காப்புறுதிதான். பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற மாகாணத்தில் வந்து இறங்கிய மாதத்தின் மிச்சமும் அதன்பின் இரண்டு மாதமும் காத்திருந்துதான் அரச காப்புறுதியே கிடைக்கும். அந்த இடைவெளிக்குத் தனியார் காப்புறுதி எடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே முறிந்த கை அதற்குள் பெரும்பாலும் வராது. இங்கே கிளினிக் நாள் எத்தனை மிச்சமோ அத்தனையையும் பயன்படுத்துங்கள்.

விமானம் கட்டுநாயக்காவில் இருந்து புறப்படுகிறது என்று நினைப்பது

எங்களுக்கு அது வீட்டு வாசலில் இருந்தே புறப்படுகிறது. மட்டக்களப்பில் இருந்தோ அக்கரைப்பற்றில் இருந்தோ கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேரவே ஆறேழு மணித்தியாலம் வான் வண்டியில் மடங்கி உட்கார வேண்டும். பிறகு நிலையத்தில் காத்திருப்பு, பிறகு இரண்டு விமானம். நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணம் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. கால் முறிந்து பிளாஸ்டரில் இருப்பவருக்கும் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவருக்கும் அந்த ஆபத்து முன்னரே கூடித்தான் இருக்கிறது. அவர்கள் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி வேண்டுமா, இறுக்கக் காலுறை வேண்டுமா என்று டொக்டரிடம் நேராகவே கேட்க வேண்டும். மற்றவர்கள் வழியில் ஹபரணையில் இறங்கித் தேநீர் குடிக்கும் சாட்டிலாவது பத்து நிமிடம் நடக்கலாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, எந்த நாட்டில் நின்றாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பிளாஸ்டர் போட்டு 48 மணித்தியாலம் ஆகுமுன் நீண்ட பயணம் போவதானால், பல விமான நிறுவனங்கள் அதை நீளவாக்கில் வெட்டிப் பிளந்துவிடச் சொல்லும். உள்ளே வீக்கம் கூடினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதால்தான் அந்த விதி. சக்கர நாற்காலி வேண்டுமானால் இரண்டு நாள் முன்னரே சொல்லுங்கள். இதில் வெட்கம் என்ன இருக்கிறது?

வலிக் குளிசையைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போவது

இதை வளைகுடாவுக்குப் போகும் தம்பிமார் கட்டாயம் வாசிக்க வேண்டும். முறிவு வலிக்கு இங்கே ட்ரமடோல் எழுதிக் கொடுப்பது சாதாரணம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் கட்டாரிலும் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, கொடெய்ன் கலந்த குளிசையும் அப்படித்தான். அமீரகத்துக்கு முன் அனுமதி எடுக்க வேண்டும். அனுமதியோ கடிதமோ இல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் கை வலி சின்ன விசயமாகிவிடும். புறப்படுமுன் வேறு குளிசைக்கு மாறலாமா என்று டொக்டரிடம் கேட்பதே நல்லது. எந்த மருந்தானாலும் பெயர் அச்சடித்த பெட்டியோடு, ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தோடு, கைப்பையில் வையுங்கள். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் மூலிகைத் தூள், வேர், பட்டை எதையும் மறைக்காமல் அறிவிக்க வேண்டும்.

காகிதங்களை அலுமாரியில் விட்டுப் போவது

வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, முதல் படம், கடைசிப் படம், உள்ளே தகடோ ஆணியோ வைத்திருந்தால் அதன் விபரம். இவற்றை விட்டுவிட்டுப் போனால் அங்குள்ள டொக்டர் உங்கள் கையைப் புதிதாகத்தான் படிக்கத் தொடங்குவார். எக்ஸ்ரே படத்தைச் சூட்கேசில் மடித்து வைக்காதீர்கள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், சீடி தந்தால் அதையும் வாங்குங்கள்.

கடைசிக் கிளினிக்கில் நான் கேட்டது, எத்தனை கிலோ வரை தூக்கலாம், எப்போதிருந்து தூக்கலாம் என்றுதான். டொக்டர் சிரித்துவிட்டு, "இடது கையால் ஒரு தண்ணீர்ப் போத்தல், அதுவும் மெதுவாக" என்றார். என்னிடம் 23 கிலோப் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்றைத் தம்பி பிறகு கொண்டு வருவதாகச் சொன்னான், மற்றதை மனைவி இழுத்தாள். ரொறன்ரோவில் இறங்கிய மறுநாள், மச்சான் குளிர் ஜக்கெட் வாங்கத்தான் கூட்டிப்போனான். நான் முதலில் வாங்கியது பனிக்கட்டியில் வழுக்காத சப்பாத்து. மச்சான் ஏன் என்று கேட்டான். பிளாஸ்டர் கழற்றி ஒரு மாதமான கையைத் தூக்கிக் காட்டினேன்.