பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயில் கூலர் மாட்டுவது எப்படி

ஆயில் கூலர் என்பது எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் சின்ன ரேடியேட்டர். அதை வாங்கும் முன் ஆயில் டெம்பரேச்சர் கேஜ் ஒன்றை மாட்டி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ஆயில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கிறது என்றால் கூலரே வேண்டாம். நீண்ட ஏற்றத்திலோ விரட்டி ஓட்டும்போதோ 120-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது, ஆயில் பிரஷர் முள்ளும் கூடவே இறங்குகிறது என்றால் மாட்டலாம்.

ஆயில் தேவைக்கு மேல் குளிர்ந்தாலும் எஞ்சினுக்குக் கெடுதல்தான். உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேற அந்தச் சூடு வேண்டும், இல்லாவிட்டால் கசடு பிடிக்கும். அதனால், ஆயிலைக் கூலருக்குத் திருப்பிவிடும் சாண்ட்விச் பிளேட்டை தெர்மோஸ்டாட் உள்ளதாகவே வாங்குங்கள். ஆயில் 80 டிகிரியை ஒட்டிச் சூடான பிறகுதான் கூலருக்கு முழு வழி திறக்கும். இந்த பிளேட் எஞ்சினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவே உட்காரும் என்பதால் ஃபில்டர் அந்தக் கனத்துக்கு வெளியே தள்ளி நிற்கும், எதிலும் இடிக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி கம்பெனியிலேயே கூலர் ஹோஸ் வந்த கார்களுக்கு, ஹோஸ் நடுவே வைக்கும் இன்லைன் தெர்மோஸ்டாட் போதும்.

கூலரை ரேடியேட்டருக்கு முன்னால், காற்று நேராகப் படும் இடத்தில் ரப்பர் வாஷர் வைத்து மாட்டுங்கள். ஹோஸ் மாட்டும் வாய்கள் மேல்பக்கம் இருக்கட்டும், கீழ்நோக்கி வைத்தால் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பழைய கூலர் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். பேரிங் போன எஞ்சினிலிருந்து கழற்றியதாக இருந்தால் அதன் உலோகத் தூள் கூலருக்குள் இருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது, பிறகு உங்கள் பேரிங்கையும் அது தின்றுவிடும்.

ஹோஸ் வெட்டும்போதும் இதே கவனம்தான். வெட்டிய துணுக்கு ஒன்றுகூட உள்ளே தங்காமல் கழுவி, காற்றடித்து, முனையை மூடி வையுங்கள். எக்ஸாஸ்ட், ஸ்டீயரிங், பெல்ட் எதன் பக்கமும் ஹோஸ் போகக் கூடாது. எஞ்சின் ஆடும் என்பதால் கொஞ்சம் தளர்வும் விட வேண்டும். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் உரசும் இடத்தை அரம் மாதிரி அறுக்கும், தகரத்தைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் போடுங்கள்.

கூலரின் மரை அலுமினியம், முரட்டுத்தனமாக முறுக்கினால் கெட்டுவிடும், அதனால் எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று வாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொன்று நட்டைத் திருப்ப.

சரி, இப்போது ஆயில் ஊற்றுங்கள், கூலருக்கும் ஹோஸுக்கும் சேர்த்துக் கூடுதலாகவே பிடிக்கும். உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். இக்னிஷனைத் துண்டித்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அப்புறம் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பாருங்கள். ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி, தெர்மோஸ்டாட் திறந்து கூலர் தொட முடியாத அளவு சூடான பிறகு, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அந்த அளவுக்கு ஊற்றி நிரப்புங்கள்.