கோல சிலாங்கூருக்குப் பறவை பார்க்கப் போகும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பர் பிறந்ததும் நம் தோட்டப்புறச் சிறுநகரங்களின் மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக வந்து உட்காரும். செம்பனைக் காட்டு ஓரத்தில் பழுப்புக் கீச்சான் கத்தத் தொடங்கும். வடக்கே இலையுதிர்காலம் வந்துவிட்டது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் அடையாளம் இதுதான். அதே வாரங்களில் சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சிலாங்கூர் கரையோரச் சேற்றில் கூட்டங்கூட்டமாக இறங்கும். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோல சிலாங்கூருக்கு ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். பள்ளிப் பெற்றோர்கள், கோயில் இளைஞர்கள், நண்பர்கள் என யார் வேண்டுமானாலும் ஒரு வேன் பிடித்துப் போய்வரலாம். ஆனால் அப்படிப் போகிறவர்களில் பலர் வெறும் சேற்றைப் பார்த்துவிட்டு, "அங்கே ஒன்றுமே இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். பறவைகள் அங்கேதான் இருந்தன. போன நேரம்தான் தவறு.

தவறு நாள் குறிக்கும்போதே தொடங்குகிறது. வேன் எப்போது கிடைக்கும், யாருக்கு எப்போது விடுமுறை என்று எல்லாம் விசாரிக்கிறோம். கடல் எப்போது ஏறும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சிலாங்கூர்க் கரை மிகவும் தட்டையானது. நீர் வற்றும்போது சேற்றுவெளி வெகு தூரத்துக்கு விரிந்துவிடும். பறவைகளும் இரை தேடிக் கடைசி விளிம்புவரை பரவிவிடும். தொலைநோக்கியில்கூட அவை புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கி, பறவைகள் கரையை நோக்கி நெருங்கி வரும். முழு ஏற்றத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் அவற்றைப் பார்க்கச் சிறந்த நேரம். அதன்பின் அவை வரப்பு, குளம், பாக்காவ் (அலையாத்தி) மரம் என்று எங்காவது ஒதுங்கி ஓய்வெடுக்கப் போய்விடும்.

அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாள்களில் ஏற்றம் பெரிது என்பது நமக்குத் தெரியும். கிள்ளான் துறைமுக ஏற்றவற்ற அட்டவணையில் அப்போது 5 மீட்டரைத் தாண்டிய அளவுகளைப் பார்க்கலாம். ஆனால் இந்தக் கரையில் அந்நாள்களில் முழு ஏற்றம் விடியற்காலையை ஒட்டியும் அந்தியை ஒட்டியும்தான் வரும். நண்பகலில் கடல் வற்றிக் கிடக்கும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால், விடுமுறைக்கு ஊர் திரும்பிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மறுநாள் காலை பசியாறிவிட்டு நிதானமாகக் கிளம்பும் குழு, நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் கரைக்குப் போய்ச் சேரும். ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஆகவே அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்து மூன்று நான்கு நாள் விட்டுப் போனால், ஏற்றமும் பெரிதாக இருக்கும். நேரமும் காலை எட்டு, ஒன்பது மணிப் பக்கம் வந்து நிற்கும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் நண்பகலை ஒட்டி வந்தாலும் நீர் அவ்வளவாக ஏறாது, பறவைகளும் அவ்வளவாகக் கரையை நெருங்காது.

காலை ஏற்றத்தையே தேடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கரை மேற்கு பார்த்தது. காலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் கால் நிறம்கூடத் தெளிவாகத் தெரியும். மாலையில் வெயில் கண்ணில் குத்தும், எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழையும் சேர்ந்துகொள்ளும். மலேசியக் கடற்படையின் தேசிய நீரளவியல் மையம் ஆண்டுதோறும் ஏற்றவற்ற அட்டவணை வெளியிடுகிறது, கைப்பேசியிலும் பார்க்கலாம். அட்டவணையைப் பார்த்த பிறகு வேனுக்குச் சொல்லுங்கள். நாளை மாற்றவே முடியாது, நேரமும் ஒத்துவரவில்லை என்றால் கடற்கரையை விட்டுவிட்டு செகிஞ்சான் வயல்களுக்குப் போங்கள். நீர் நிற்கும் வயல்களில் பொறி உள்ளானும் மேலே மீசை ஆலாவும் இருக்கும். அங்கே கடல் ஏற்றத்தைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் வரப்பு விவசாயியுடையது, கேட்டுவிட்டு நடக்க வேண்டும்.

அடுத்தது கூட்டமாகப் போவதால் வரும் தவறு. நாற்பது பேர் ஒரே நேரத்தில் இறங்கி, கதவை அறைந்து சாத்தி, பேசிக்கொண்டே கரைக்கு நடந்தால் பறவைகள் நாம் தொலைநோக்கியை எடுக்குமுன்பே எழுந்துவிடும். எட்டு பத்துப் பேராகப் பிரித்து, சற்று இடைவெளி விட்டு அனுப்புங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். குழுவுக்கென்று டி-சட்டை அச்சடிப்பதாக இருந்தால் மஞ்சளும் வெள்ளையும் வேண்டாம். பச்சையோ மண் நிறமோ போதும்.

இதைவிடப் பெரியது, பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் கைதட்டி எழுப்புவது. இதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். அந்தப் பறவைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து, உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துவிட்டு வந்து நிற்கின்றன. சேறு தெரியும் நேரத்தில்தான் அவற்றுக்குச் சாப்பாடு. நீர் ஏறியிருக்கும் நேரம்தான் ஓய்வு. சில இங்கேயே தங்கும், சில இன்னும் சுமத்ரா, ஆஸ்திரேலியா என்று போக வேண்டும். ஓய்வு நேரத்தில் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும், அடுத்த கட்டப் பயணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருக்கும் வலுவைத்தான் நாம் பிடுங்குகிறோம். ட்ரோனும் அப்படித்தான், பருந்து வருகிறது என்று மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். கூட்டத்தில் சில பறவைகள் தலையை நிமிர்த்தி நம் பக்கம் திரும்பினால் நாம் போதுமான அளவு நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நில்லுங்கள். முடிந்தால் இரண்டடி பின்வாங்குங்கள்.

கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் பாக்காவ் காட்டில் வண்ண வண்ணமாக ஓர் ஆறுமணிக்குருவி இனம் இருக்கிறது. அதைப் பார்க்கவே தொலைவிலிருந்து ஆள் வருவார்கள். அதன் குரலைக் கைப்பேசியில் ஓடவிட்டு வெளியே இழுப்பதும் கூடாது. போட்டிக்கு இன்னொரு பறவை வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அது அலைந்துகொண்டிருக்கும். நடைபாதையில் கால் மணி நேரம் அசையாமல் நின்றால் தானாகவே தரையில் தத்தி வரலாம். வராமலும் போகலாம்.

எல்லாவற்றுக்கும் அன்றே பெயர் தெரிய வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். இந்தப் பருவத்தில் வரும் கரைப்பறவைகளில் பெரும்பாலானவை இனப்பெருக்கக் காலத்து நிறத்தை உதிர்த்துவிட்டுச் சாம்பலாகவோ பழுப்பாகவோ இருக்கும். புத்தகத்தின் அழகான படத்தோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். நிறத்தை விட்டுவிட்டு அலகு, கால், நடை இவற்றைப் பாருங்கள். கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு என்றால் கோட்டான் (ஆந்தையல்ல, அதே பெயருள்ள கரைப்பறவை). சிவந்த காலோடு எல்லோருக்கும் முன் கத்திக்கொண்டு எழுவது பவளக்காலி. நீண்ட நேரான அலகைச் சேற்றில் ஆழக் குத்துவது மூக்கன். ஓடி, நின்று, மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி. முதல் நாளுக்கு இந்த நான்கு போதும் என்பது என் எண்ணம். அழியும் நிலையிலுள்ள நோர்ட்மன் பச்சைக்காலியும் இந்தக் கரைக்கு வருவதுண்டு. சாதாரணப் பச்சைக்காலியைப் பார்த்துவிட்டு அதுதான் என்று முடிவு கட்டாமல், படம் எடுத்து அனுபவசாலிகளிடம் காட்டுங்கள்.

தொலைநோக்கியை முதன்முதலாகக் கரையில் கையில் கொடுப்பதும் தவறே. பிள்ளைகள் அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் ஏற்றம் முடிந்துவிடும். முந்தைய வாரமே தோட்டத்தில் பழக்குங்கள். மறுநடவு செய்த செம்பனைப் பகுதிக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் கருந்தோள் பருந்து, வாய்க்கால் ஓர மீன்கொத்தி, எலியைக் கட்டுப்படுத்தத் தோட்டங்களில் வைக்கும் பெட்டிகளில் குடியிருக்கும் கூகை எல்லாம் பழகுவதற்கு ஏற்றவை. 8x42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை உள்ள) தொலைநோக்கி குழுவுக்கு இரண்டு மூன்று இருந்தாலும் சமாளிக்கலாம்.

மற்றவை சின்னவைதான். அரைக்கை சட்டையில் போனால் கொசுவும் அகாஸ் என்னும் சிறு கடிபூச்சியும் பிள்ளைகளைப் பிய்த்துவிடும். புக்கிட் மெலாவத்தி குன்றிலுள்ள குரங்குகள் முன் முறுக்குப் பொட்டலத்தைத் திறக்க வேண்டாம், அவற்றுக்கு ஊட்டவும் வேண்டாம். சேற்றில் இறங்கக் கூடாது; உறுதியாகத் தெரியும் இடமும் முழங்கால்வரை இழுக்கும். நடைபாதை திறந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இடி கேட்டதும் முக்காலியை மடக்கிக்கொண்டு திறந்த வரப்பிலிருந்து வேனுக்குத் திரும்பிவிட வேண்டும். கம்போங் குவாந்தான் மின்மினிகளை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எழுந்த பிள்ளைகளும் பெரியவர்களும் இரவுவரை தாங்க மாட்டார்கள்.

பார்த்ததை எழுதாமல் விடுவதும் வழக்கமாகிவிட்டது. நேரம், இடம், நீர் ஏறுகிறதா இறங்குகிறதா, கூட்டத்தில் தோராயமாக எத்தனை என்று ஒருவர் குறித்துக்கொண்டே வரட்டும். அன்றிரவே பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்டு (eBird) இணையத்தளத்தில் பதிந்துவிடலாம். இனம் தெரியாத கரைப்பறவை என்று பதியவும் அங்கே வழி இருக்கிறது. ஊகித்த பெயரைவிட அந்தப் பதிவே மேல்.