நீச்சல்குளத்தைச் சுற்றிப் போடும் கல்லை வாங்கும் முன் வெயிலில் வையுங்கள்

பிடித்த கல் ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி, காலையிலேயே மொட்டைமாடியில் வைத்துவிடுங்கள். மதியம் 2 மணிக்கு முதலில் கையால் தொட்டு, பிறகு வெறுங்காலால் மிதியுங்கள். அடுத்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, குதிகாலை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கடைசியாக ஓரத்தில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, அரை மணி நேரம் கழித்துத் துடையுங்கள்.

கடை நிழலில் எல்லாக் கல்லும் குளுகுளுதான். வெயிலில்தான் கருப்புக் கடப்பா சுடுவதும், பாலிஷ் கிரானைட் தண்ணீர் பட்டதும் வழுக்குவதும் தெரியும். சாறு விட்ட இடம் நுரைத்தாலோ மங்கினாலோ அது சுண்ணாம்பு இனக் கல். கடப்பா, கோட்டா கற்கள் இரண்டும் இந்த இனமே. குளத்து நீரின் பிஹெச் (அமில-கார அளவு) குறைக்க ஊற்றும் ஆசிட் ஒருமுறை சிந்தினால் போதும், வெள்ளைத் தழும்பு விழும், தேய்த்தாலும் போகாது. திறந்தவெளிக் குளத்துக்கு என் ஓட்டு, ஃபிளேம்டு ஃபினிஷ் (தீச்சுவாலையால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது) செய்த வெளிர்சாம்பல் கிரானைட்டுக்கு. சொரசொரப்பு இருக்கும், ஆனால் காலைக் கிழிக்காது.

கூரை போட்ட குளமென்றால் வெயில் சோதனை தேவையில்லை. சிமென்ட் பேவருக்கு (தரையில் பதிக்கும் சிமென்ட் கல்) எலுமிச்சை சோதனை உதவாது. சிமென்ட் எதுவானாலும் அமிலம் பட்டால் அரிக்கத்தான் செய்யும்.