கிழிந்த வெட்சூட்டை வீட்டில் ஒட்டும்போது எங்கே பிழைக்கிறது

பாசிக்குடாவின் இடுப்பளவுத் தண்ணீரில், கடலில் உடம்பு குளிராமலிருக்க அணியும் றப்பர் உடையான வெட்சூட்டின் முழங்கால் கிழிந்திருந்தால் பெரிய நட்டமில்லை. கடல் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9 இல் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மஸைப் பார்க்க இறங்குபவருக்கு நிலைமை வேறு. அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. மேலேறி வரும் வழியில் ஓரிடத்தில் அசையாமல் தரித்து நிற்க வேண்டிய நேரம் நீளும். அப்போது கிழிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து வந்து போனால் உடம்பு விறைக்கத் தொடங்கிவிடும். துருப்பிடித்த இரும்பில் உரசியோ, அறுகம்குடாவின் முருகைக்கல்லில் விழுந்தோ கிழிந்த உடையை ஒரு டியூப் பசையோடு சரிசெய்யலாம் என்பது உண்மை. ஆனால் விட்டுப்போகும் ஒட்டுகளில் பெரும்பாலானவை டியூப்பின் மூடியைத் திறக்கும் முன்பே கெட்டவை.

முதலில் எதை ஒட்டப்போகிறீர்கள் என்று பாருங்கள். வெட்சூட்டின் நடுவில் இருப்பது நியோப்ரீன். உள்ளே நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைபட்ட றப்பர் நுரை. அதன் இரு பக்கமும் நைலோன் பின்னல் துணி ஒட்டப்பட்டிருக்கும். சில உடைகளில் வெளிப்பக்கம் துணியில்லாமல் வழுவழுப்பாக இருக்கும். வெப்பத்தைக் காப்பது நுரை, இழுவையைத் தாங்குவது துணி. வழுவழுப்பான பக்கத்தில் நகம் பட்டு உண்டான பிறைவடிவக் கீறல், உட்துணி அறுபடாமல் இருந்தால், பசையோடு முடிந்துவிடும். துணியும் அறுந்திருந்தால் பசை மட்டும் போதாது. பசைக்கோடு உறுதியாக நின்றாலும் அதற்கு ஒரு மில்லிமீற்றர் தள்ளி நுரையே புதிதாகப் பிய்ந்துகொள்ளும்.

பசையைப் பொறுத்தவரை, நியோப்ரீனுக்கென்றே விற்கும் கொன்டக்ட் பசையை (இரு பக்கமும் பூசி, ஓரளவு காய்ந்தபின் சேர்க்கும் பசை) வாங்குங்கள். பிளாக் விட்ச் போன்றவை இந்த வகை. வீட்டில் இருப்பதைக் கொண்டு சமாளிக்கப் பார்ப்பதுதான் முதல் பொறி. சுப்பர் குளூ கண்ணாடிபோல் இறுகும். உடம்பு வளையும்போது அது வளையாமல் வெடிக்கும், உடைந்த விளிம்பு நுரையையும் அறுக்கும். சைக்கிள் கடை சொலுஷன் ஓரிரு நாள் தாக்குப்பிடித்து, வெயிலில் இளகி உரியும். பிவிசி குழாய்க் கம் இந்த வேலைக்கானதே இல்லை. எல்லாவற்றிலும் மோசமானது சிலிக்கன். அது தானும் நிற்காது, நுரையின் துவாரங்களுக்குள் படிந்துவிட்டால் பிறகு நல்ல பசையையும் பிடிக்கவிடாது. சிலிக்கன் பூசிய இடத்தை வெட்டியெடுத்துத் துண்டு வைப்பதைத் தவிர வழியில்லை.

அடுத்தது கழுவுதல். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கடலில் வந்த உடையைத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு ஒட்டினால், பசைக்கு அடியில் உப்பும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். நல்ல தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவையுங்கள். கரையோரக் கிணறுகள் பல உவர் என்பதை மறக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நல்லது. பிறகு நிழலில் தொங்கவிடுங்கள். மேற்துணி ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், கிழிசலுக்குள் தெரியும் நுரை காயாது. இரண்டு நாள் விடுங்கள். கிழிசலை விரித்து அதன் உதட்டின், அதாவது விளிம்பின், உட்பக்கத்தில் வெள்ளை டிஷூ ஒன்றை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். டிஷூவில் குளிர்ச்சி தெரிந்தால்கூட இன்னும் ஒரு நாள் பொறுப்பது நல்லது.

சன்கிறீம், தேங்காயெண்ணெய், உடை சுலபமாக ஏற வேண்டுமென்று பூசிய பவுடர் எல்லாம் விளிம்பில் ஒட்டியிருக்கும். ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, முற்றாக ஆவியாகும்வரை விடுங்கள். சில சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், லேபலை வாசியுங்கள். கை கழுவும் ஜெல் வேண்டாம், அது படலம் விடும். மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப்பசை ஒருபுறம், துணியை நுரையோடு பிடித்திருக்கும் பசையே கழன்றுபோவது மறுபுறம்.

நாளையும் தெரிந்தெடுக்க வேண்டும். பசையின் கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடத்தைக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் அதிகமென்றால் குளிர்ந்த பசைமேல் கண்ணுக்குத் தெரியாத பனிபோல் நீர் படியும். அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் பசையும் பசையும் சேராது, நடுவில் தண்ணீர் நிற்கிறது. வாடைக் காலத்தில், மழை இருட்டிக்கொண்டிருக்கும் நாளில் ஒட்டியவை அடிக்கடி விடுவதற்கு இதுதான் காரணம். கச்சான் வீசும் மாதங்களில், வெயில் ஏறிய பிறகு, முற்பகலில் செய்யுங்கள். கச்சான் மண்ணையும் தூசியையும் கொண்டுவரும் என்பதால் திண்ணையில் வைத்துச் செய்ய வேண்டாம். காற்றோட்டமுள்ள அறை, நேர்வெயில் படாத மேசை போதும். வெயிலில் வைத்தால் பசையின் மேற்பரப்பு ஆடைகட்டும், அடியில் கரைப்பான் அடைபட்டுக் குமிழியாகும். ஆவி தீப்பற்றக்கூடியது. அறையில் நுளம்புத்திரி எரிந்துகொண்டிருந்தால் முதலில் அணையுங்கள்.

இனிப் பூசும் முறை. கிழிசலுக்குக் கீழே, உடைக்குள், மெழுகுத்தாள் ஒன்றைச் செருகுங்கள். இல்லாவிட்டால் முன்பக்கம் பின்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடை இழுபடாமல் தட்டையாகக் கிடக்கட்டும். இழுத்துவைத்து ஒட்டினால் விட்டதும் சுருங்கி அலை அலையாக நிற்கும். கிழிசலை மெல்ல விரித்து, இரண்டு உதட்டிலும் நுரையின் வெட்டுமுகத்தில் மட்டும், பல்லுக்குத்தியால் மெல்லியதாகப் பூசுங்கள். ஒரு விரல் நீளக் கிழிசலுக்குப் பட்டாணி அளவு தாராளம். கிழிசலின் இரு முனைகளையும் தவறவிடாதீர்கள், மறுபடி பிய்வது அங்கிருந்துதான் தொடங்கும். முதற்பூச்சை நுரை குடித்துவிடும். 5 முதல் 10 நிமிடம் விட்டு இரண்டாவது மெல்லிய பூச்சு. பிறகு பொறுமை. பசை பளபளப்புப் போய் மங்கலாகும். விரல் முட்டியால் தொட்டால் பிசுபிசுக்கும், ஆனால் முட்டியில் ஒட்டி வராது. அதுதான் நேரம். பசைக்குப் பசை கால அளவு மாறும், டியூப்பில் எழுதியதைப் பின்பற்றுங்கள்.

ஈரமாக இருக்கும்போதே சேர்த்துவிடுவதுதான் அதிகம் பேர் விடும் பிழை. மரப்பசைக்குப் பழகிய கை அப்படித்தான் செய்யும். கொன்டக்ட் பசை தொட்ட கணமே பிடிக்கும், பிறகு நகர்த்த முடியாது. ஆகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, விளிம்புக்கு விளிம்பு நேராகச் சேர்த்து, ஒவ்வோர் இடத்தையும் விரல்களால் இறுக நசியுங்கள். எத்தனை மணித்தியாலம் பாரம் வைத்தீர்கள் என்பதைவிட எவ்வளவு இறுக நசித்தீர்கள் என்பதே முக்கியம். இரவு முழுக்க அம்மிக்கல்லை ஏற்றிவைத்தால் நுரை நசுங்கித் தழும்பாகும்.

“உறுதிக்காக” என்று வெளிப்பக்கத் துணியில் தடித்துப் பூசுவதையும் விட்டுவிடுங்கள். ஆழத்தில் அழுத்தம் ஏற ஏற நியோப்ரீன் நசுங்கி மெலியும். 10 மீற்றரிலேயே அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு. குமிழியில்லாத தடித்த பசைவரம்பு அப்படி மெலியாது. அந்த எல்லைக்கோட்டிலேயே இழுவை குவிந்து, கரையில் நன்றாக இருந்த ஒட்டு கீழே வாய் திறக்கும். 

24 மணித்தியாலம் மடிக்காமல், உடுத்தாமல் விடுங்கள். துணி அறுந்திருந்தால் அதற்குப் பிறகுதான் தையல். வளைந்த ஊசி, பொலியெஸ்டர் நூல், 3 அல்லது 4 மி.மீ. இடைவெளி. ஊசி துணியையும் நுரையின் பாதியையும் மட்டும் பிடிக்க வேண்டும், மறுபக்கம் வரக்கூடாது. வந்தால் ஒவ்வொரு துவாரமும் ஓர் ஒழுக்கு. உட்பக்கத் துணியும் அறுந்திருந்தால் உடையைப் புரட்டி அதையும் இதேபோல் தையுங்கள். கையருகே கிடக்கிறது என்று தங்கூசியால் (மீன்பிடி நைலோன் நூல்) தைப்பவர்கள் உண்டு. அது நுரையை வெண்ணெயைக் கம்பி அறுப்பதுபோல் அறுத்துவிடும். நூலையும் அளவாக இறுக்குங்கள், விளிம்புகள் சுருங்கி மேடானால் அவிழ்த்து மறுபடி தையுங்கள்.

துண்டே பிய்ந்துபோய் ஓட்டை இருந்தால் விளிம்புகளை இழுத்துச் சேர்க்க வேண்டாம். பழைய உடையொன்றிலிருந்து அதே தடிப்பில் துண்டு வெட்டி, ஓட்டைக்குச் சரியாகப் பொருத்துங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள், கூர்மூலை முதலில் கிளம்பும். இரண்டும் ஒரே திசையில் இழுபடுகின்றனவா என்று இழுத்துப் பார்த்துவிட்டே ஒட்டுங்கள்.

ஒட்டு ஒழுகுகிறதா என்று பார்க்க, அது உடையின் கையிலோ காலிலோ என்றால், மணிக்கட்டுப் பக்கத்தையோ கணுக்கால் பக்கத்தையோ இறுகக் கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடியுங்கள். ஒட்டின் மேல் துளி துளியாக முத்து அரும்பினால் அந்த இடத்தை அடையாளமிட்டு, மறுபடி இரண்டு நாள் காயவைத்து, உட்பக்கத்தில் அங்கே மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். மடித்தால் நொறுங்குமளவுக்கு றப்பர் முதிர்ந்த உடையில் பசையை வீணாக்க வேண்டாம். திறந்த டியூப்பின் வாயைத் துடைத்து, காற்றை நசித்து வெளியேற்றி மூடி, குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது பசை நூல் நூலாக இழுபட்டு வந்தால் அது உடைக்கு உதவாது.