பறவை பார்க்கப் போகுமுன் காலண்டரைப் பாருங்கள்

ஹூப்பிங் கிரேன் என்னும் பெரிய வெள்ளைக் கொக்கைப் பார்க்கலாம் என்று டெக்சாஸின் கூஸ் ஐலண்ட் ஸ்டேட் பார்க்குக்கு நான் முதன்முதலில் குடும்பத்தோடு போனது ஒரு ஜூலை மாதம். கொக்கு ஒன்றுகூட இல்லை, கொசுதான் இருந்தது. கொக்குகள் எல்லாம் அப்போது 4,000 கிலோமீட்டர் தள்ளி, கனடாவில் குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்தன.

அதனால் பார்க்கை அப்புறம் முடிவு செய்யுங்கள், முதலில் மாதம். இ-பேர்ட் தளத்தில் பார்க்கின் பெயரைப் போட்டால், எந்தப் பறவை எந்த வாரம் அங்கே இருக்கும் என்று பட்டை பட்டையாகக் காட்டும். பட்டை தடித்திருக்கும் வாரத்தில் லீவு போடுங்கள்.

ஹூப்பிங் கிரேனுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பார்க்குக்குள் மட்டும் தேடாதீர்கள். பிக் ட்ரீ என்ற பழம்பெரும் ஓக் மரம் இருக்கும் லாமர் பக்கத்துப் புல்வெளிகளில்தான் நான் பார்த்தேன். ஐந்தடி உயர வெள்ளைப் பறவைகள் இரண்டு, நடுவே பழுப்பு படிந்த குஞ்சு ஒன்று. 1941-ல் உலகத்திலேயே இரண்டு டஜனுக்கும் குறைவாக இருந்த இனம் அது. வேலிக்கு அப்பால் தனியார் நிலம். காரை ஓரங்கட்டி உள்ளிருந்தே பாருங்கள். காரைக் கண்டு பறவை மிரளாது, கதவு திறந்தால் மிரளும்.

நியூ ஜெர்சியின் கடலோர முனையான கேப் மே பாயிண்டுக்கு மாதம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும், குளிர்காற்று வந்து வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கிய மறுநாள் போங்கள். தெற்கே போகும் வல்லூறுகளைக் காற்று கடலோரம் ஒதுக்கிவிடும். எதிரே டெலவேர் விரிகுடா, கடக்கத் தயங்கி முனையிலேயே சுற்றும். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மேடை உண்டு, நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே பறவை எண்ணுபவர் அருகில் நின்றுகொள்ளுங்கள். எது என்ன பறவை என்று பார்க்கப் புத்தகம் தேவைப்படாது.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடக் கூடாது; பார்வையை எடுக்காமல் அதைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு இது பழக ஒரு வருஷம் ஆனது.

குளிர்காலத்தில் ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் தெற்கு டெக்சாஸ். பென்ட்சன் பார்க்கில் சொந்தக் கார் உள்ளே விடமாட்டார்கள். நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், டிராமில் போகலாம். தீனி வைக்கும் இடத்தில் சும்மா உட்காருங்கள், பச்சை ஜே என்னும் பறவை தானே வரும்.

அதே தெற்கு டெக்சாஸில், வெஸ்லகோவில் உள்ள எஸ்டெரோ யானோ கிராண்டே பார்க்கில் ‘பாராக்கி’ என்னும் பக்கிக்குருவி. பகலில் காய்ந்த சருகின்மேல் தூங்கும். ஊழியர் விரல் நீட்டிக் காட்டியும் எனக்குச் சருகுதான் தெரிந்தது. பாதையை விட்டு இறங்காமல் அப்படியே நின்றேன். ஐந்து நிமிஷம் கழித்து ஒரு சருகு லேசாகக் கண் திறந்தது.