பேக்கப் சர்வருக்கு 8 ஜிபி ராம் போதாமல் போனது

எங்கள் அலுவலக பேக்கப் சர்வர் முதல் இரண்டு மாதம் இரவு 2 மணிக்குள் வேலையை முடித்துவிடும். அப்புறம் விடியும்வரை இழுக்க ஆரம்பித்தது. டிஸ்க்குகளைச் சோதித்தேன், குறையில்லை. நெட்வொர்க் கேபிளை மாற்றினேன், பலனில்லை. நான்கு நாள் வீணானது.

பழைய பேக்கப்பை அழிக்கவும் மணிக்கணக்கில் ஆவதைத் தற்செயலாகத்தான் கவனித்தேன். அழிப்பதற்கு நெட்வொர்க்கே தேவையில்லையே! படிக்கும் வேகம் மட்டும் குறையவில்லை.

காரணம், டிஸ்க்கில் கோப்புகளைச் சேமித்து நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ்ஸில் (ZFS) நான் இயக்கி வைத்திருந்த டீடூப், அதாவது ஒரே மாதிரியான தரவுத் துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமிக்கும் வசதி. எழுதினாலும் அழித்தாலும் அது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பதிவு வைத்திருக்கும் தன் அட்டவணையைப் புரட்ட வேண்டும். 4 டிபி தரவு, 128 கேபி துண்டுகள் என்றால் சுமார் 3.3 கோடி பதிவுகள். ஒன்றுக்கு ஏறக்குறைய 320 பைட் வீதம் 10 ஜிபியைத் தாண்டுகிறது. ராம் 8 ஜிபிதான். மீதியை ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் தேடியிருக்கிறது. ஏற்கெனவே சுருக்கிய கோப்புகள் என்பதால் டீடூப்பால் மிச்சமான இடமும் சொற்பம்.

டீடூப்பை அணைத்தால் மட்டும் போதாது, பழைய தரவு அட்டவணையிலேயே இருக்கும். டீடூப் இல்லாத புதிய டேட்டாசெட்டுக்கு (இசட்எஃப்எஸ்ஸில் தனி அமைப்புகள் கொண்ட சேமிப்புப் பகுதி) எல்லாவற்றையும் அதன் செண்ட், ரிசீவ் கட்டளைகள் மூலம் நகர்த்திவிட்டுப் பழையதை அழித்தேன். அதற்கே ஒன்றரை நாள் ஆனது. இப்போது மறுபடி 2 மணிக்குள் முடிகிறது. பெரிய நிம்மதி.