ஒரு கேம் ஆர்பிஜியா, இல்லையா? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு செய்முறை

போன வருடம் தள்ளுபடி விற்பனை ஒன்றில், 'ஆர்பிஜி' என்று முத்திரை குத்தியிருந்ததை நம்பி ஒரு கேம் வாங்கினேன். பதினைந்து மணி நேரம் ஆடிய பிறகுதான் உறைத்தது. நான் லெவல் ஏறினால் எதிரியும் கூடவே ஏறுகிறான், கேட்கிற கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் அதே கதவுதான் திறக்கிறது, என் இஷ்டத்துக்கு மாற்ற முடிந்தது சட்டையின் நிறம் மட்டும்தான். பணத்தைத் திரும்பக் கேட்கிற கெடுவும் அதற்குள் முடிந்துபோயிருந்தது. கேம் மோசமில்லை, சண்டைகள் நன்றாகவே இருந்தன, ஆனால் நான் பசியோடு போனது சாப்பாட்டுக்கு, கிடைத்தது பஞ்சு மிட்டாய்.

அதனால் இந்தப் பதிவு. ஆர்பிஜி, அதாவது ரோல் பிளேயிங் கேம், நம் பாஷையில் வேடம் கட்டி ஆடுகிற ஆட்டம். ஒரு கேமுக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். தேவையானவை: நீங்கள் ஏற்கெனவே ஆடி முடித்த ஒரு கேம், ஒரு துண்டுக் காகிதம், அரை மணி நேரம்.

படி 1: தப்பான காரணங்களைத் தூக்கிப் போடுங்கள்

"எல்லா கேமிலும் யாரோ ஒருவராகத்தானே ஆடுகிறோம், மரியோவும் ஒரு வேடம்தானே, அப்படியென்றால் எல்லாமே ஆர்பிஜிதான்" என்று ஒருவர் எப்போதும் வருவார். பதில் சொல்ல வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வாளும் டிராகனும் இருந்தால் ஆர்பிஜி என்பது அடுத்தது. 1997-ல் வந்த 'ஃபால்அவுட்' அணுகுண்டுப் போருக்குப் பிறகான கலிஃபோர்னியாவில் நடக்கிறது, அதில் டிராகனுக்கு வேலையே இல்லை, ஆனால் ஆர்பிஜி என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். கதை நீளமாக இருக்கிறதா என்பதும் கணக்கில் வராது.

மிகவும் ஏமாற்றுகிற காரணம் எக்ஸ்பி கோடு, அதாவது அனுபவப் புள்ளி சேரச் சேர நிரம்புகிற கோடு. 2007-ல் 'கால் ஆஃப் டியூட்டி 4' தன் ஆன்லைன் ஆட்டத்தில் ஒவ்வொரு கொலைக்கும் எக்ஸ்பி கொடுத்து, 55 லெவல் வரை ஏற வைத்து, ஏற ஏறப் புதுத் துப்பாக்கிகளைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கோடு இல்லாத பெரிய கேமைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். கோடு நிரம்பினால் மனதுக்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். மளிகைக் கடை பாயின்ட் கார்டிலும் அதே சுகம் உண்டு.

படி 2: கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு 1974-க்குப் போய் வாருங்கள்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். பெட்டிக்குள் இருந்தது விதிப் புத்தகங்கள்தான், மற்றதெல்லாம் காகிதம், பென்சில், பகடை. அதற்கு முன்பு அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் ஆட்டங்கள், அவற்றில் ஒரு பொம்மை பெரும்பாலும் ஒரு கூட்டத்தையே குறிக்கும். புது ஆட்டத்தில் ஒரு பொம்மை, ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்குப் பலம், லாகவம், உடல்வாகு, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு எண்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டி 3 முதல் 18 வரை ஒரு மதிப்பு.

இந்த எண்கள் எதற்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேசையில் உட்கார்ந்திருக்கும் நான் ஒல்லியான ஆளாக இருக்கலாம், பூட்டிய கதவை உடைக்க என் கேரக்டரின் பலம் போதுமா என்பதே கேள்வி. நம் தாயத்தில் கட்டை சொல்வதுதான் சட்டம், ஆடுகிறவர் பயில்வான் என்பதற்காக தாயம் கூடுதலாக விழாது. இங்கேயும் பகடைதான் உருள்கிறது, ஆனால் கேரக்டரின் எண்கள் அந்தப் பகடையைக் கொஞ்சம் தூக்கிவிடும் அல்லது காலை வாரிவிடும். நான் முடிவெடுக்கிறேன், செய்து முடிப்பது அவன் பாடு. இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி வருகிற எல்லாச் சோதனையும் இதிலிருந்து கிளைத்ததுதான்.

படி 3: விரல் சோதனை

கண்ட்ரோலரைப் பிடிக்கவே தெரியாத உங்கள் சித்தியிடம் கேமைக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கேரக்டர் நீங்கள் நாற்பது மணி நேரம் வளர்த்த கேரக்டர். சித்தி ஜெயிப்பாரா?

1986-ல் ஜப்பானில் வந்த 'டிராகன் குவெஸ்ட்'டில் ஜெயிப்பார். மெனுவில் 'தாக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், மீதியை எண்கள் பார்த்துக்கொள்ளும். போக்கிமானிலும் அதே கதைதான். துப்பாக்கிச் சூட்டு கேமில் சித்தி பத்து நொடிகூடத் தாங்க மாட்டார்.

2002-ல் வந்த 'மாரோவிண்ட்' இதற்கு அருமையான பாடம், ஏனென்றால் பார்வைக்கு அது விரல் கேம் மாதிரியே இருக்கும். கண் முன்னால் ஒரு நண்டு, கையில் வாள், வீசுகிறீர்கள், வாள் நண்டின் ஊடாகவே போகிறது, அடி விழவில்லை. திரும்ப வீசுகிறீர்கள், மறுபடியும் இல்லை. முதல் தடவை நான் கேமில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பகடை உருள்கிறது: வாள் வீச்சில் உங்கள் கேரக்டரின் தேர்ச்சி எவ்வளவு, ஓடிவந்ததில் களைத்திருக்கிறானா என்றெல்லாம் கூட்டிக் கழித்து, அடி பட்டதா இல்லையா என்று அதுதான் சொல்கிறது. நீங்கள் சரியாகத்தான் குறிபார்த்தீர்கள், அவனுக்குத்தான் வாள் வீசத் தெரியவில்லை. 2006-ல் வந்த அடுத்த பாகமான 'ஆப்லிவியன்' இந்தப் பகடையை எடுத்துவிட்டது, வாள் பட்டால் பட்டதுதான், தேர்ச்சி எவ்வளவு சேதம் என்பதை மட்டும் பார்க்கும். நிறைய பேர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள், என்னைப் போன்ற சிலர் இன்னமும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறோம்.

காகிதத்தில் எழுதுங்கள்: விரல் எவ்வளவு, எண் எவ்வளவு. தோராயமாகப் போதும்.

படி 4: எதை இழந்தீர்கள்?

ஆரம்பிப்பவர்கள் வழுக்கி விழுகிற இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஆடியவர்களுக்கு 2004-ல் வந்த 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' ஞாபகம் இருக்கும். அதில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜிம்முக்குப் போனால் ஹீரோ சிஜேவுக்குத் தசை ஏறும், பர்கராகத் தின்றால் தொப்பை போடும், பைக் ஓட்ட ஓட்டக் கீழே விழுவது குறையும், ஒரு துப்பாக்கியைச் சுட்டுச் சுட்டுப் பழகினால் சில வகைகளை இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடிக்கலாம். தெருவில் போகிறவர்கள் அவன் உடம்பைப் பார்த்துக் கிண்டல்கூடச் செய்வார்கள். அப்படியானால் ஏன் அதை யாரும் ஆர்பிஜி என்று சொல்வதில்லை?

என் கணக்கில், அதில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் எல்லாத் திறமையையும் உச்சத்துக்குக் கொண்டுபோய்விடலாம், ஒன்று கூடியதால் இன்னொன்று கைவிட்டுப் போகாது. நீங்களும் உங்கள் நண்பரும் தனித்தனியாக முடித்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு சிஜேவும் ஏறக்குறைய ஒரே ஆள்தான், தலைமுடி மட்டும் வேறு.

ஃபால்அவுட்டில் ஏழு குணங்கள், ஒவ்வொன்றும் நடுவில் 5-ல் நிற்கும், கூடுதலாகக் கையில் தருவது வெறும் 5 புள்ளி. பலத்தை இன்னும் ஏற்ற வேண்டுமா, வேறு ஏதாவது ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு கதவைச் சாத்திவிட்டுத்தான் இன்னொன்றைத் திறக்கிறீர்கள்.

சரி, டிராகன் குவெஸ்ட்டின் முதல் பாகம் இந்தச் சோதனையில் தோற்றுவிடுமே என்று கேட்டால், ஆமாம், தோற்கத்தான் செய்யும். லெவல் ஏறும்போது எண்கள் தானாகவே ஏறும், உங்களை யாரும் கேட்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், ஹீரோவுக்கு நீங்கள் வைக்கிற பெயரின் எழுத்துகளைக் கொண்டு எந்த எண் வேகமாக வளரும் என்பதை அந்த கேம் சத்தமில்லாமல் தீர்மானித்தது. நம்மூர் நியூமராலஜிக்காரர்கள் கேள்விப்பட்டால் மகிழ்ந்துபோவார்கள்.

படி 5: உலகம் உங்களைக் கவனிக்கிறதா?

கேரக்டரின் எண்கள் சண்டைக்கு வெளியேயும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். ஃபால்அவுட்டில் அறிவை அடிமட்டத்தில் வைத்து ஆரம்பித்தால் உங்கள் ஆளுக்குப் பேச்சே வராது, 'ம்', 'ஊ' என்று உளறுவான், எதிரில் இருப்பவர்களும் அதற்கேற்பத்தான் நடத்துவார்கள். சண்டை போடாமல் வாயாலேயே தப்பிக்கலாம் என்ற திட்டமெல்லாம் அங்கேயே செத்தது.

2019-ல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' இதை எல்லைவரை கொண்டுபோனது. வழக்கமான சண்டையே கிடையாது, 24 திறமைகள், அவை ஒவ்வொன்றும் ஹீரோவின் தலைக்குள் தனிக் குரலாகப் பேசும், இரண்டு பகடைகள் உருண்டு முடிவு சொல்லும். உடம்பு தாங்காத ஆளாக அவரை உருவாக்கியிருந்தால், ஆட்டம் தொடங்கிய அறையிலேயே, சுற்றுகிற மின்விசிறியில் மாட்டியிருக்கும் டையை எடுக்கப் போய் மாரடைப்பில் போய்ச் சேரலாம். அந்த கேமில் வாள் இல்லை, கொள்ளையடிக்கப் புதையல் குகை இல்லை, ஆனாலும் 1974-ன் மேசைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த கேம்கள் குறைவு என்பது என் எண்ணம்.

படி 6: ஒரு கேமை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம்

'தி லெஜண்ட் ஆஃப் செல்டா', 1986. காலகாலமாகச் சண்டை நடக்கிற கேம் என்பதால் எடுத்தேன்.

விரல் சோதனை: 3 இதயத்தோடு ஆரம்பிக்கிறோம், போகப் போக இதயம் கூடும், நல்ல வாள் கிடைக்கும். ஆனால் அம்பு வந்தால் நகர வேண்டியது உங்கள் விரல்தான். கை தேர்ந்தவர்கள் கூடுதல் இதயம் எடுக்காமலேயே முடிக்கிறார்கள், சித்தியோ முதல் குகைக்கே போய்ச் சேர மாட்டார். விரல் பக்கம் பலமாகச் சாய்கிறது.

இழப்பு: இல்லை. எல்லாப் பொருளையும் எல்லோருமே எடுக்கலாம்.

கவனிப்பு: இங்கே ஒரு சின்ன ஆச்சரியம். 5 இதயம் சேர்க்கும்வரை குகைக் கிழவர் வெள்ளை வாளைக் கொடுக்க மாட்டார், அதாவது உலகம் உங்கள் எண்ணைப் பார்க்கிறது. ஆனால் இப்படி ஓரிரு இடங்களோடு சரி.

ஆக, ஆர்பிஜி வாசனை லேசாக அடிக்கிற சாகச கேம். அடுத்த வருடம் வந்த இரண்டாம் பாகத்தில் எக்ஸ்பியும் லெவலும் இருக்கின்றன, அதை இதே காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், விடை மாறுகிறதா என்று தெரியும்.

மூன்று சோதனையிலும் தேறினால்தான் ஆர்பிஜி என்று கறாராக இருக்காதீர்கள். இரண்டில் அழுத்தமாகத் தேறினாலே நான் விட்டுவிடுவேன். 2011-ன் 'டார்க் சோல்ஸ்' விரல் சோதனையில் பரிதாபமாகத் தோற்கும், லெவலே ஏற்றாமல் அதை முடிக்கிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எதை வளர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கனமான கோடரியா மந்திரமா என்று ஆளே மாறிப்போகிறான், அதனால் ஆக்‌ஷன் ஆர்பிஜி என்ற பெயர் நியாயம்தான். டிராகன் குவெஸ்ட்டுக்கு மட்டும் ஒரு சலுகை. எண்களே எல்லாம் என்று அது விரல் பக்கத்தை மொத்தமாகக் கைவிட்டுவிட்டதால், மற்ற இரண்டையும் நான் கேட்பதில்லை.

2015-ன் 'விட்சர் 3' விஷயத்தில் எனக்கும் என் தம்பிக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அதன் ஹீரோ ஜெரால்ட் ஏற்கெனவே எழுதி முடித்த ஆள், அவன் யார் என்று நான் தீர்மானிக்க முடியாது, அது எப்படி வேடம் கட்டுவதாகும் என்பது என் கட்சி. "கூத்தில் அர்ஜுனன் வேஷம் கட்டுகிறவர் அர்ஜுனனைப் புதிதாகவா எழுதுகிறார், அண்ணா?" என்பது அவன் கட்சி. காகிதத்தில் நான் போட்ட மதிப்பெண்ணும் அவன் பக்கமே சாய்கிறது, அதை இன்னும் அவனிடம் காட்டவில்லை.